வெளிமானும் வெறுந்தரவையும்

மான் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் காடு தோன்றுகிறது. அடர்ந்த மரங்கள், படர்ந்த கொடிகள், ஒரு நீரோடை, அதன் கரையில் வெருண்ட விழியோடு நிற்கும் புள்ளிமான்: பாலபாடப் புத்தகத்தில் நாம் கண்ட படம் இது, நாட்காட்டியிலும் கோயிற் சுவரிலும் நாம் கண்டதும் இதுவே. மாரீசன் பொன்மானாகிச் சீதையின் முன் துள்ளியதும் காட்டிலேதான். ஆகவே, காட்டுக்குள் வாழ மாட்டாத மான் ஒன்று உண்டு, மரங்கள் பெருகப் பெருக அது அருகிப் போகும் என்று யாரேனும் கூறினால், கேட்போர் நகைக்கக் கூடும். ஆயினும் அது உண்மை. அந்த மானுக்குத் தமிழில் வழங்கும் ஒரு பெயரே அதன் கதையைச் சொல்லிவிடுகிறது. அதன் பெயர் வெளிமான்.

வெளி என்ற சொல்லை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. வல்லை வெளியைக் கடந்து வடமராட்சிக்குச் சென்றவர் எவரும் அதன் பொருளை உடம்பாலேயே அறிந்திருப்பர். கண்ணுக்கெட்டிய தூரம் மறைப்பில்லை, காற்றுக்குத் தடையில்லை, நிழலுக்கு ஒதுங்க மரமில்லை. இத்தகைய நிலத்தின் மேய்ச்சற் பகுதியை நாம் தரவை என்போம். ஆனால் அந்தச் சொல்லைத் தனியே விடாமல் "வெறுந்தரவை" என்று சொல்லிப் பழகிவிட்டோம். உழாத நிலம், வீடு கட்டாத நிலம், மரம் நிற்காத நிலம் யாவும் நமக்கு வெறும் நிலமே. அந்த "வெறும்" என்ற அடைமொழி ஓர் உயிரினத்தை எவ்வளவு தூரம் அலைக்கழித்திருக்கிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். நம் முன்னோர் மானினத்தை ஒரே சொல்லால் அழைத்து அமைந்தவர் அல்லர். மரை வேறு, நவ்வி வேறு, உழை வேறு, புல்வாய் வேறு என்று பிரித்தறிந்தனர். புல்வாயின் ஆணுக்கு இரலை என்றும் கலை என்றும் பெயர் உரியன எனத் தொல்காப்பியத்தின் மரபியல் கூறுகிறது. சங்கப் புலவர்கள் முறுக்கிய கொம்பையுடைய இரலையை முல்லை நிலத்தோடு சேர்த்துப் பாடினர். குறிஞ்சியின் மலைக்காட்டை விட்டு, ஆயர் ஆனிரை மேய்க்கும் முல்லைப் புலத்தில் அதனை வைத்தமை அவர்கள் கண்ணாரக் கண்டு பாடியதற்குச் சான்று. வடமொழியில் இதற்குக் கிருஷ்ணசாரம், கிருஷ்ணமிருகம் என்று பெயர். பருவம் அடைந்த ஆணின் மேனி கருமை கொள்வதால் வந்த பெயர் அது.

நுட்பமாகப் பேசினால் இது மானினமே அன்று. புள்ளிமானுக்கும் மரைக்கும் கொம்பு கிளைவிடும்; ஆண்டுதோறும் விழுந்து மீண்டும் முளைக்கும். இரலையின் கொம்போ கிளைப்பதில்லை, விழுவதுமில்லை. உள்ளே எலும்பும் வெளியே உறையுமாக, ஆட்டின் கொம்பைப் போல ஆயுள் முழுவதும் நிலைத்து நிற்பது அது. உறவு முறையில் இரலை மானைவிட ஆட்டுக்கும் மாட்டுக்கும் நெருங்கியது. ஆணின் கொம்பு திருகாணி போல மூன்று நான்கு சுற்று முறுக்கி, இரண்டு அடிக்கு மேலும் வளரும். மேலுடல் கருமை, வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் தூய வெண்மை. தென்னாட்டில் அக்கருமை முற்றாகப் படியாமல் கரும்பழுப்பாகவே நின்றுவிடுவதும் உண்டு. பெண் மென்பழுப்பு நிறமுடையது, பெரும்பாலும் கொம்பில்லாதது.

இப்பிராணியின் பாதுகாப்பெல்லாம் இரண்டே உறுப்புகளில் அடங்கும்: கண்ணும் காலும். புள்ளிமான் பகைவனைக் கண்டால் புதருக்குள் மறையும், வெளிமான் மறைவதில்லை. தூரத்திலேயே கண்டு, வெட்டவெளியில் ஓடித் தப்பும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடவல்லது என்பர். ஒரு மான் வானில் எழும்பிக் குதித்தால் போதும். கூட்டம் முழுவதும் அலையலையாய் எழும்பிக் குதித்து ஓடத் தொடங்கும். இந்தியாவில் ஓட்ட வேகத்தில் அதனை மிஞ்சவல்ல விலங்கு சிறுத்தையின் உறவான சிவிங்கி ஒன்றே. அந்தச் சிவிங்கியோ 1947ஆம் ஆண்டில் சுடப்பட்ட மூன்றுக்குப் பின்னர் உறுதியாகக் காணப்படாது போய், 1952இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022இல் நமீபியாவிலிருந்து வேற்று நாட்டுச் சிவிங்கிகளைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தில் விட்டிருக்கின்றனர். துரத்துவோன் மறைந்த பின்னும் ஓடுவோனின் கால் அந்த வேகத்தை மறக்கவில்லை.

கண்ணை நம்பி வாழும் உயிருக்குத் திறந்த நிலம் வேண்டும். நீண்டு வளர்ந்த காடு அதன் பார்வையை மறைக்கும். முட்புதர் அதன் ஓட்டத்தைத் தடுக்கும். குட்டியைப் புல்லுக்குள் கிடத்தி வைப்பதற்கும், குட்டைப் புல்லை மேய்வதற்கும், அருகே குடிநீர் காண்பதற்கும் ஏற்ற சமவெளியே அதன் உலகம். துணை தேடுவதற்கும் அதற்கு வெளிதான் வேண்டும். பருவகாலத்தில் ஆண்கள் ஒரு திடலில் கூடி, ஒவ்வொன்றும் சிறு வட்டத்தைத் தனதாக்கிக்கொண்டு, புழுக்கையைக் குவித்து எல்லையிட்டு நிற்கும். பெண்கள் அத்திடலுக்கு வந்து பார்த்துத் தேர்ந்துகொள்ளும். நம் ஊர்த் திருவிழாக் கூட்டம் போன்ற இந்த ஏற்பாடு மரங்கள் நிறைந்த இடத்தில் நடைபெற மாட்டாது.

ஒரு காலத்தில் இத்தகைய வெளிகள் இந்திய உபகண்டமெங்கும் பரந்து கிடந்தன. சிந்து, பஞ்சாப் முதல் வங்கம் வரையும், இமயத்தின் அடிவாரம் முதல் தென்பாண்டிச் சீமை வரையும், மேற்குக் கரையின் மழைக்காடுகள் நீங்கலாக, கிருஷ்ணசாரம் திரியாத நாடு இல்லை எனலாம். கிருஷ்ணசாரம் இயல்பாகத் திரியும் நாடே வேள்விக்குத் தக்க நாடு என்று மனுநூல் எல்லை வகுத்தது. பிரமசாரிக்குரிய தோலாடையும் அதன் தோலே. நம் இலங்கையில் மட்டும் அது என்றுமே இயற்கையாக வாழ்ந்ததில்லை. நமக்கு வாய்த்தவை புள்ளிமானும் மரையும் அவற்றின் சிற்றுறவுகளுமே. இரலையின் தென்கிழக்கு எல்லை பாக்கு நீரிணையின் அக்கரையில் முடிந்துவிடுகிறது.

வேட்டையாடியோரே அதனை நேசித்தும் இருக்கின்றனர். மொகலாயப் பேரரசர்கள் பழக்கிய சிவிங்கிகளை ஏவி இரலைகளைப் பிடிப்பித்தனர். அதே குலத்தில் வந்த ஜஹாங்கீர், தான் அன்போடு வளர்த்த மான்சராஜ் என்னும் மான் இறந்தபோது துயருற்று, லாகூருக்கு அண்மையில், இன்று ஷேக்குபுரா எனப்படும் ஊரில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் நினைவாக ஒரு கோபுரம் எழுப்பினான். ஹிரன் மினார் எனப்படும் அக்கோபுரம் இன்றும் நிற்கிறது. ஆனால் அந்நாட்டுச் சமவெளிகளில் சுதந்திரமாகத் திரிந்த இரலைகள் நிற்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் பாகிஸ்தானிலும், இன்றைய வங்காளதேசத்திலும் அவை அற்றுப்போயின.

இதில் விந்தை ஒன்று உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்துக்கும் ஆர்ஜெந்தீனாவுக்கும் செல்வர் சிலர் இவ்விலங்கைக் கொண்டுபோய் விட்டனர். அந்நியப் புல்வெளிகளில் அவை ஆயிரக்கணக்காய்ப் பெருகின. பின்னர் 1970களில், பாகிஸ்தானின் லால் சுஹான்ரா என்னும் பூங்காவில் வளர்ப்பதற்கு டெக்ஸாஸிலிருந்து இரலைகளை வரவழைத்தனர். தாய்நாட்டில் அற்றுப்போன குலத்தைக் கடல் கடந்த நாட்டிலிருந்து மீட்டு வரவேண்டியதாயிற்று. புலம்பெயர்ந்த நம்மவரின் நினைவை இக்கதை எழுப்பினால் அது இயல்பே.

இந்தியாவில் நடந்தது என்ன? அரசர்கள் காலத்து வேட்டை, எண்ணிக்கை கண்டு நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜீப் வண்டியும், இரவில் கண்ணைக் கூசவைக்கும் விளக்கும், மலிவான துப்பாக்கியும் சேர்ந்தபோது கண்ணும் காலும் தோற்றன. ஓடுகின்ற விலங்கை ஓடுகின்ற வண்டியிலிருந்தே சுட்டனர். இந்திய விடுதலையின்போது 80,000 அளவில் இருந்த இரலைகள் 1964 அளவில் 8,000 ஆகச் சுருங்கின என்பது ஒரு மதிப்பீடு. நேபாளத்தில் 1975இல் கண்டெடுத்த கூட்டத்தில் எஞ்சியிருந்தவை ஒன்பதே. 1972ஆம் ஆண்டு இந்தியா இயற்றிய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இரலையை முதலாம் அட்டவணையில் வைத்து, வேட்டையை முற்றாகத் தடுத்தது. அச்சட்டத்தை உருவாக்குவதில் முன்னின்றவர் வாங்கானேர் அரச குடும்பத்தில் பிறந்த ரஞ்சித்சிங் என்பவர். இரலையைப் பற்றியே தனி நூல் எழுதியவரும் அவரே.

சட்டத்துக்கு முன்னரே அறம் இதனைக் காத்த இடங்களும் உண்டு. ராஜஸ்தானத்துப் பிஷ்னோய் மக்கள் 15ஆம் நூற்றாண்டில் ஜாம்போஜி வகுத்த 29 நெறிகளைப் பின்பற்றுவோர். உயிர்க்கொலையும் பச்சை மரம் வெட்டுதலும் அவர்களுக்குப் பாவம். அவர்களுடைய வயல்களில் இரலை அச்சமின்றி மேய்கிறது. 1998இல் ஜோத்பூருக்கு அருகே புகழ்மிக்க இந்தி நடிகர் ஒருவர் இரலைகளைச் சுட்டதாக எழுந்த வழக்கில், சாட்சி சொல்ல முன்வந்து இருபது ஆண்டு பின்வாங்காது நின்றவர் அவ்வூர்ப் பிஷ்னோய் மக்களே. 2018இல் கீழ்நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. அவர் மேன்முறையீடு செய்தார். ஒடிசா மாநிலத்துக் கஞ்சம் மாவட்டத்திலும் இரலை வயலுக்கு வந்தால் மழையும் வளமும் வரும் என்று நம்பி ஊரார் அதனைத் துன்புறுத்துவதில்லை.

சட்டமும் அறமும் கூடியதன் பயனாக எண்ணிக்கை மீண்டது. குஜராத்தில் பவநகர் அரசரின் வேட்டைப் புலமாக இருந்த வேளாவதர் 1976இல் தேசியப் பூங்காவாயிற்று. 34 சதுர கிலோமீற்றர் அளவே உள்ள அப்புல்வெளி இன்று இரலைகளின் தலைநகர் போல விளங்குகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017இல் இரலையைக் கவலை குறைந்த இனங்களின் வரிசைக்கு மாற்றியது. ஏறத்தாழ 50,000 உயிர்கள் உள்ளன என்பது அதன் கணக்கு. இதைப் படித்து நாம் மனம் மகிழலாம். ஆனால் அத்துடன் நிறுத்திவிட்டால் கதையின் பாதியையே அறிந்தவர் ஆவோம்.

ஏனெனில் துப்பாக்கிக்குத் தப்பிய இரலைக்கு இப்போது வேறொரு பகை வந்திருக்கிறது. அப்பகை நல்லெண்ணத்தோடு வருகிறது. கையில் மரக்கன்று ஏந்தி வருகிறது. இந்தியாவின் நிலக்கணக்கில் இயற்கையான புல்வெளிகள் பலவும் தரிசு என்றும் பாழ்நிலம் என்றும் பதிவாகியுள்ளன. பாழ்நிலத்தைப் பயன்படுத்துவது புண்ணியம் அன்றோ? ஆகவே அங்கே தொழிற்சாலை எழுகிறது, வீதி செல்கிறது. எதுவும் வராவிட்டால் மரத் தோப்பாவது எழுகிறது. கர்நாடகத்தில் இரலைக்காகவே 1974இல் ஒதுக்கிய ராணிபென்னூர் சரணாலயத்திலும் புல்வெளியின் பெரும்பகுதியில் தைலமரம் நட்டனர். நட்டவர் கெடுதல் நினைத்தவர் அல்லர். மரமில்லாத நிலம் குறையுடைய நிலம் என்பது அவர்கள் கற்ற பாடம். அப்பாடத்தைத்தான் நாமும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம்.

விவசாயியின் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மேய்ச்சல் வெளி சுருங்கிய பின்னர் இரலை எங்கே போகும்? வயலுக்குத்தான். கடலையையும் பயற்றையும் ஓர் இரவில் மேய்ந்துவிட்டால், கடன்பட்டு விதைத்தவன் அதன் அழகைப் பாடிக்கொண்டிருக்க முடியாது. ஆந்திரத்தின் ரோளபாடு போன்ற இடங்களில் காவல் மிகுந்து இரலைகள் பெருகியபோது விவசாயிகளின் முறைப்பாடும் பெருகியது. இரலைக்கு வெளி வேண்டும் என்பது விவசாயிக்கும் நன்மையான கொள்கையே. வெளி இருந்தால் அது வெளியில் மேயும்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். என் பெரியப்பா இளமையில் வல்வெட்டித்துறைத் தோணியொன்றில் தொழில் செய்தவர். கோடிக்கரைக்கும் நம் வடகரைக்கும் இடைப்பட்ட கடல் முப்பத்தைந்து மைல் அளவுதான். நல்ல காற்றில் மாலை பாய் விரித்தால் விடியலில் அக்கரை தெரியும் என்பார். அவ்விடியல்களில் கரையை அண்டிய புல்வெளியில் முறுக்கிய கொம்புடைய மான்கள் வரிசையாய் நின்று தோணியைப் பார்க்குமாம். "நாங்கள் அவையளைப் பாக்கேல்லை மோனை, அவைதான் எங்களைப் பாத்தவை" என்று சொல்லிச் சிரிப்பார். சுங்கமும் போரும் கடலை மூடிய பின்னர் அவர் அக்கரைக்குப் போகவில்லை. மறையும்வரை அம்மான்களைப் பற்றிய பேச்சை விடவுமில்லை.

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையிலான கப்பற் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஆரம்பமாயிற்று. அடுத்த மாதமே நானும் என் மனைவியும் அதில் பயணமானோம். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போவோர் கப்பலில் பலர் இருந்தனர். மானைப் பார்க்கப் போனவர் நாங்கள் இருவர் மட்டுமே. வேதாரணியத்தில் தங்கினோம். உப்பளங்களின் நடுவே வீதி தெற்கு நோக்கிச் செல்கிறது. கோடியக்காட்டைத் தாண்டியதும் மரங்கள் நெருங்கின. என் மனைவி வன்னியில் பிறந்தவர். மரங்களைக் கண்டதும், "இது எங்கட பாலை அல்லோ!" என்றார். உண்மைதான். வன்னியில் நாம் பழம் பொறுக்கும் பாலைமரமே கோடிக்கரைக் காட்டிலும் தலைமை மரமாய் நிற்கிறது. கடல் பிரித்த நிலத்தை மரம் பிரிக்கவில்லை.

காடு முடிந்து வெளி தொடங்கிய இடத்தில் வனத்துறைக் காவலர் ஒருவர் எங்களை நிறுத்தினார். "இங்கேயே நில்லுங்க ஐயா. கிட்டப் போனா ஓடிடும். அது பாக்கட்டும், நீங்களும் பாருங்க" என்றார். வெயில் தாழ்ந்திருந்தது. முதலில் எதுவும் தெரியவில்லை. பின்னர் புல்லின் நிறத்திலேயே இருபது முப்பது பெண்மான்கள் ஒவ்வொன்றாய்ப் புலப்பட்டன. அவற்றுக்கு அப்பால் ஓர் ஆண், தலையை நிமிர்த்திக் கொம்பை முதுகின் மேற் சாய்த்து, அரசனைப் போல அடியெடுத்து வைத்து நடந்தது. செப்டெம்பர் அவற்றின் இணைசேர் பருவங்களுள் ஒன்று. எங்களைக் கண்டதும் அது நின்றது. எல்லா மான்களும் தலை நிமிர்த்தின. எங்களுக்கும் அவற்றுக்கும் இடையே இருநூறு முழத்துக்குக் குறையாத வெறும் புல். அந்த வெறும் புல்தான் அவற்றின் அரண் என்பதை அக்கணத்தில் உணர்ந்தேன். பெரியப்பா சொன்னது சரி. அவைதான் எங்களைப் பார்த்தன.

அவ்வெளியின் விளிம்பெங்கும் சீமைக் கருவேல் நெருங்கியிருந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து விறகுக்கும் வேலிக்கும் கொண்டுவந்த அம்முள்மரம் இந்தியாவின் வறண்ட நிலங்களை மூடிக்கொண்டு வருகிறது. நம் நாட்டிலும் புந்தலப் பூங்காவில் அதன் தொல்லை பெரிது. "இதை வெட்டி எறியக் கூடாதோ, தம்பி?" என்று கேட்டேன்.

"வெட்டுறோம் ஐயா. வெட்டுன இடத்துலயே தழைக்குது. வேரோட பிடுங்கினாத்தான் உண்டு. அதுவும் போதாது. மான் இதோட காயைத் தின்னுது. புழுக்கையில விதை போய் விழுது. அது வீட்டை அதுவே அடைக்குது, பாவம்" என்றார் அவர்.

கோடிக்கரையின் மற்றொரு சிக்கல் கட்டாக்காலிக் குதிரைகள். நெடுந்தீவுக் குதிரைகளைக் கண்டு பழகிய எமக்கு அவை விருந்தினர் போலத் தோன்றின. எனினும் அதே புல்லை, அதே கோடையில், அதே நீரை நாடி மேய்வதால் அவை இரலைக்குப் போட்டியாளர்கள். 1967இல் முதன்மையாக இரலைக்கென்றே அமைத்த இச்சரணாலயம், 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சட்டத்தால் இவ்வளவு மதிப்புப் பெற்ற நிலத்திலும் ஒவ்வொரு முழம் புல்லையும் ஆண்டுதோறும் காத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

கடலும் சிலவேளை எமனாகும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜாப் புயல் நாகபட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் படுத்தன, கோடிக்கரைக் காட்டில் மரங்கள் முறிந்தன, மான்கள் பல மாண்டன. சிலவற்றின் உடல்களைக் கடல் அள்ளிச் சென்று கரைசேர்த்தது. பரந்த நாடெங்கும் கூட்டங்கள் தொடர்ந்திருந்த காலத்தில் ஒரு புயலின் இழப்பை அயற்கூட்டம் வந்து நிரப்பும். இன்று ஒவ்வொரு கூட்டமும் ஒரு தீவு. தூத்துக்குடிக்கு அண்மையில் வல்லநாட்டுக் குன்றில் ஒரு கூட்டம். இயற்கையாய் வாழ்வனவற்றுள் தென்கோடியில் உள்ளது அதுவே. சத்தியமங்கலத்தின் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு கூட்டம். சென்னை நகரின் நடுவே, மூன்று சதுர கிலோமீற்றருக்கும் குறைந்த கிண்டிப் பூங்காவில் ஒரு சிறு கூட்டம். அங்கே புள்ளிமான் புதரிலும் நிழலிலும் பெருகி வாழ, இரலையோ பழைய போலோத் திடலின் திறந்த புல்லைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. ஒரு தீவிலிருந்து மறு தீவுக்குச் செல்ல அவற்றுக்குத் தோணி இல்லை.

இவ்வளவையும் நான் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் ஒரு தரவை இருக்கிறது. மாரியில் வெள்ளம் தேங்கி நிலத்தடிக்கு இறங்குவதும், பனியில் மாடுகள் மேய்வதும், ஆட்காட்டி முட்டையிடுவதும் அங்கேதான். அதில் ஆயிரம் மரக்கன்று நடலாம் என்ற யோசனை சென்ற மாதம் சனசமூக நிலையத்தில் எழுந்தது. வெளிநாட்டிலுள்ள ஊரவர் பணம் அனுப்ப ஆயத்தமாக இருக்கின்றனர். இளைஞர்களின் முகத்தில் இருந்த ஆர்வத்தைக் காண எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. மரம் நடவேண்டாம் என்று சொல்பவன் இக்காலத்தில் கொடியவனாகத் தோன்றுவான். ஆயினும் எழுந்து சொன்னேன். வீதியோரம் இருக்கிறது, பாடசாலை வளவு இருக்கிறது, போரில் தறிபட்ட தோப்புகள் இருக்கின்றன, அங்கெல்லாம் நடுவோம். தரவையைத் தரவையாக விடுவோம் என்றேன். "அது சும்மா கிடக்கிற நிலம்தானே, மாஸ்டர்?" என்று ஒரு பிள்ளை கேட்டான். கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது. வரும் மாதம் மீண்டும் கூடும்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு என் மறுமொழி இதுவே. எங்கள் தரவையில் இரலை இல்லை, இருக்கப் போவதுமில்லை. ஆனால் அக்கரையில் ஒரு பேரழகு வாய்ந்த உயிர் நாட்டுக்கு நாடு அற்றுப்போனதற்கு, அதன் வீட்டைப் பார்த்தவர்கள் எல்லாரும் "சும்மா கிடக்கிற நிலம்" என்று எண்ணியதும் ஒரு காரணம். காட்டைக் காக்க நம் நாட்டில் சட்டமும் இருக்கிறது, கவிதையும் இருக்கிறது. வெளிக்கு அவை அரிது. நிலத்துக்கு எது பொருந்தும் என்று கேட்டு நடுவதே அறிவுடைமை. சில நிலங்களுக்குப் பொருந்துவது நடாமல் விடுவது.

கப்பலேறி நாகபட்டினம் போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலங்களைத் தரிசித்த பின்னர் ஒரு நாளை மிச்சம்பிடித்துப் பிள்ளைகளோடு கோடிக்கரைக்கும் போய் வாருங்கள். காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். வாகனத்தின் குழலை ஊதாதீர்கள். மானுக்குத் தீனி எறியாதீர்கள். காவலர் நிறுத்தும் இடத்தில் நின்றுகொள்ளுங்கள். முதற் பத்து நிமிடம் பிள்ளைகள் "ஒன்றுமில்லையே" என்பார்கள். சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். அவர்களுடைய கண் அந்தப் புல்லுக்குப் பழகட்டும்.